இடுப்பளவு ஏரி

எண்பதுகளின் கடைசியில் ஒரு ஐப்பசி. மழை கொட்டித் தீர்த்த கையோடு, பெரும்பாக்கத்துக்கு இந்தப் பக்கம் இருந்த ஏரியில் கட்டுமரம் வாடகைக்குக் கிடைக்கிறது என்று சேதி வந்தது. கடலில் போகிற கட்டுமரம், ஏரியில்! கேட்ட மறுநாள் காலையிலேயே தாம்பரத்திலிருந்து சைக்கிளை மிதித்துவிட்டேன். எதையும் தள்ளிப்போட எனக்குத் தெரியாது.

அங்கே கூடச் சேர்ந்துகொண்டவன் பள்ளிக்கூட நண்பன். அந்த ஏரிக்கரை ஊர்தான் அவனுக்கு. நெல் போட்ட நிலத்தை அவன் அப்பா மனை போட்டு விற்றுக்கொண்டிருந்தார். இவன் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் படித்தான். கோடை லீவுக்குக்கூட வராமல் டிரெயினிங் என்று அங்கேயே தங்கிவிட்டவன், தீபாவளிக்கு வந்திருந்தான்.

மரக்காரர் கோவளம் பக்கத்து மீனவர். கடல் சீறிக்கொண்டிருந்ததால் தொழிலுக்குப் போக முடியாமல், மரங்களை லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்திருந்தார். நாள் முழுக்க ஒரு மரம் வேண்டும் என்றோம்.

"நீச்சல் தெரியுமா?"

"எதுக்குண்ணா? இது எங்க ஏரி. எங்க எருமைங்க அக்கரைக்கு நடந்தே போகும்" என்றான் நண்பன்.

"எருமைய உடுப்பா, உன்ன கேட்டேன்."

"தெரியாது. ஆனா எங்க எறங்கினாலும் இடுப்பளவுதான். சின்ன வயசுலேர்ந்து எறங்குறேன்."

மரக்காரர் தண்ணீரைப் பார்த்தார். "எனக்குக் கடல் தெரியும். இந்த ஏரிக்கு நேத்துதான் வந்துகீறேன். உன் ஊரு, நீ சொல்ற. கரையோரமாவே போங்க" என்று துடுப்பைக் கொடுத்தார்.

எனக்கும் நீச்சல் தெரியாது. ஆனாலும் எழுந்து நின்றுகொண்டே துடுப்புப் போட்டேன். மரம் ஆடும், விழப்போவேன், அவன் சிரிப்பான். "மச்சான், ஒக்காருடா, மானம் போவுது!" கரையோரமாகத்தான் போனோம். மேற்கு ஓரத்தில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்த இடத்தில் மரம் சிக்கிக்கொண்டது. துடுப்பால் தள்ளினால் கொடிதான் சுற்றியது.

"இரு, எறங்கித் தள்றேன்" என்றான். சட்டையைக் கழற்றித் தலையில் முண்டாசு கட்டிக்கொண்டான், நனையாமலிருக்க. சைக்கிளிலிருந்து இறங்குகிறவன் மாதிரி, பார்க்காமலேயே காலை இறக்கினான்.

முண்டாசும் சேர்ந்து உள்ளே போனது.

விளையாடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு கை மேலே வந்து கொடியைப் பிடித்தது, கொடியோடு கீழே போனது. துடுப்பை உள்ளே நீட்டினேன். அவனும் தட்டுப்படவில்லை, தரையும் தட்டுப்படவில்லை. கத்தினேன். மரக்காரர் கரையில் ஓடிவந்து குதித்தார். முங்குவார், வெறுங்கையோடு வருவார், மறுபடி முங்குவார். சட்டை மட்டும் தனியாக மிதந்து வந்தது. கடைசியில் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கவிழ்த்துப் போட்டு முதுகை அமுக்கிக்கொண்டே இருந்தார். வாயிலிருந்து தண்ணீர் வந்தது, மூச்சு வரவில்லை.

ஊர் கூடிவிட்டது.

"கடல்காரன் மரத்தக் கொண்டாந்து புள்ளய முழுங்கிட்டான்யா!"

"எவன் கேட்டான் உன் மரத்த?"

ஒருவர் மரக்காரர் கழுத்தைப் பிடித்தார். அவர் நீச்சல் தெரியுமா என்று கேட்டார், கரையோரம் போகச் சொன்னார் என்று நான் கத்தினேன். யார் காதிலும் விழவில்லை. முதல் அடி விழுந்தது. மரக்காரர் கையைக்கூடத் தூக்கவில்லை.

அப்போதுதான் நண்பனின் அப்பா வந்தார். மகனைப் பார்த்தார். உட்காரவில்லை, தொடவில்லை.

"எங்க எறங்கினான்?" என்று என்னைக் கேட்டார்.

ஆகாயத்தாமரைப் பக்கம் கையைக் காட்டினேன்.

அவர் அங்கே பார்த்தபடி நின்றார். கூட்டமும் திரும்பிப் பார்த்தது. தாழ்வான அவர் மனைகளை மேடாக்கக் கோடை முழுவதும் லாரிகள் மண் அள்ளியது அந்த மேற்கு ஓரத்தில்தான். ஊரில் எல்லோரும் பார்த்திருந்தார்கள். ஹாஸ்டலில் இருந்தவனுக்கு மட்டும் தெரியாது. தண்ணீர் நிரம்பிய பிறகு ஏரி அவனுக்குப் பழைய ஏரிதான்.

"அவர உடுங்கப்பா" என்றார் அப்பா. "பள்ளத்த அவர் வெட்டல."

கழுத்திலிருந்த கை இறங்கியது. நாலு பேர் அவனைத் தூக்கினார்கள். வீட்டுக்குப் போக வழி அந்தப் புது மனைகளின் நடுவேதான். மழையில் ஊறிய ஏரி மண் இன்னும் இறுகவில்லை. தூக்கியவர்களின் கால்கள் அடிக்கு அடி புதைந்தன. அப்பா பின்னால் வந்தார், செருப்பு மண்ணில் மாட்டிக்கொள்ள, அதை அங்கேயே விட்டுவிட்டு.