கதவைத் திறந்தால் நின்றுவிடும் சத்தம்

போன மார்ச் மாதம் எங்கள் வீட்டில் ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது.

சிங்கப்பூரின் சுவா சூ காங் வட்டாரத்தில் நானும் அப்பாவும் மட்டும்தான். அம்மா கர்த்தரிடம் போய் நான்கு வருடமாகிறது. சத்தம் அப்பாவின் அறையிலிருந்து வரும், யாரோ ஈரத்துணியை மெல்ல மெல்லக் கிழிப்பதுபோல. கதவைத் திறந்தால் நின்றுவிடும். அப்பா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். வாயை இறுக மூடிச் சிரித்தபடி, கதவைச் சாத்தச் சொல்லிக் கையைக் காட்டுவார்.

பிறகு கேட்டால், "பக்கத்து வீட்டு ஏர்கான் லா, பாப்பா" என்பார்.

அப்பாவுக்கு இதயம் பலவீனம். என் வேலையும் அதைச் சார்ந்ததே. ஒரு மருத்துவமனை ஆய்வுக்காக, இதய நோயாளிகளைத் தொலைபேசியில் அழைத்து அவர்கள் வாழ்க்கை எப்படிப் போகிறது என்று அளக்கிறேன். படி ஏற முடிகிறதா? படுத்தால் மூச்சு முட்டுகிறதா? மனம் சோர்கிறதா? பதில்களைக் கூட்டினால் நூற்றுக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண் வரும்; கூடினால் நலம். ஞாயிறுதோறும் அதே கேள்விகளை அப்பாவிடமும் கேட்பேன். தொண்ணூற்றாறு வாங்குவார். அடுத்த வாரம் தொண்ணூற்றெட்டு.

ஆனால் அவர் படுக்கை விரிப்பு கசங்குவதே இல்லை. தலையணை நான்காகியிருந்தது. மழை நாளில் "நடந்துட்டு வந்தேன்" என்றவரின் செருப்பு காய்ந்தே இருந்தது. மதிப்பெண் வாங்குகிறவர் ஒருவர், அந்தச் சத்தத்துக்கு உரியவர் வேறொருவர் என்று, அறைக்குள் இரண்டு பேர் இருப்பதாக எனக்குத் தோன்றியது. மருத்துவரிடம் போகலாம் என்றால், "நீ போட்ட மார்க்க நீயே நம்பலியா?" என்று கேலி செய்வார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ரயிலில் நின்றபடியே ஜெபித்தேன். "கர்த்தாவே, அப்பா சொல்லாததை நீராவது சொல்லும்."

பத்தரைக்குத் தெம்பனிஸில் இருக்கும் ஒரு தமிழ் நோயாளியை அழைத்தேன். எல்லாப் பதிலும் சாதாரணம். வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்பது கடைசிக் கேள்வி. தொலைபேசியில் அதே ஈரத்துணி கிழியும் சத்தம் கேட்டது.

"மக கதவத் தொறந்தா மூச்ச அடக்கிக்குவேன் மிஸ்," என்றார். "அவ போனப்புறம்தான் விடுவேன். பாவம், வேலைக்குப் போற பிள்ள."

அப்படியே தட்டச்சு செய்தேன். அதன் பிறகே, அப்பாவும் இதைத்தான் செய்கிறார் என்று உறைத்தது. அவருடைய மருத்துவருக்குத் தகவல் சொல்லிவிட்டு, டாக்சி பிடித்து வீட்டுக்கு ஓடினேன்.

நண்பகல். அறைக்குள் அந்தச் சத்தம். நான் கதவைத் தொடவில்லை.

"அப்பா, அடக்காதீங்க. எனக்குத் தெரியும். மூச்ச விடுங்க."

அடக்கிய மூச்சு பெரிதாக வெளியே வந்தது. பிறகு, "முடியலம்மா."

நுரையீரலில் நீர் கோத்திருந்தது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்றார் மருத்துவர். ஒன்பது நாளில் அப்பா வீடு திரும்பினார். அந்த ஞாயிறு அவர் மதிப்பெண் அறுபத்திரண்டு. முதல் முறையாக உண்மையைச் சொல்லியிருந்தார்; அதைப் பார்த்து நான் சந்தோஷத்தில் அழுதேன். "சபைக்குக் குடுக்கப்போற சாட்சியில அதையும் எழுதிடு, ஃபெயில் ஆகலல்ல?" என்றார்.

தெம்பனிஸ் பெரியவருக்கு நன்றி சொல்ல அழைத்தேன்.

"நீங்க கூப்பிட்டது ஞாபகம் இருக்கு மிஸ். கடைசியில ஒண்ணுமில்லன்னேன், வெச்சிட்டீங்க. எனக்கு மக ஏது? ரெண்டும் பசங்கதான் லா."

அவரைச் சோதித்த மருத்துவரும் மூச்சில் குறையில்லை என்றார். ஆனால் படிவத்தில் நான் தட்டச்சு செய்த வரி அப்படியே இருக்கிறது.

நான் கணினி படித்தவள். களைப்பா, பயமா, தொலைபேசிக் கோளாறா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எதுவும் முழுதாகப் பொருந்தவில்லை. கர்த்தர் மெல்லிய குரலில் பேசுவார் என்று பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். மூச்சுத் திணறும் குரலிலும் பேசுவார் என்று தெரியாது. இன்றும் அந்த வரியைப் பார்த்தால் உடம்பு சிலிர்க்கிறது. ஸ்தோத்திரம் சொல்லாமல் இருக்கவும் முடிவதில்லை.

அதுவரை என் ஜெபமும் அப்பாவின் பதில்களைப் போலத்தான் இருந்தது. எல்லாம் நலம், நன்றி, ஆமென். இப்போது அப்படி ஜெபிப்பதில்லை. அன்பானவர்களே, இன்று ஐந்து நிமிடம் ஒதுக்கி, எங்கே வலிக்கிறது என்று கர்த்தரிடம் சொல்லுங்கள். அழகாகச் சொல்லத் தேவையில்லை. எனக்குப் பதில் தந்தவர் உங்களுக்கும் தருவார்.