யாரும் தொடாத ஒன்பது தாள்கள்

கிழிந்த புத்தகம் கைக்கு வந்தால் அவள் தலைப்பைப் பார்க்கமாட்டாள். மூடியபடியே திருப்பி, தாள்களின் ஓரத்தில் எங்கெங்கே அழுக்கேறியிருக்கிறது என்றுதான் பார்ப்பாள். நூலகத்தின் பின்னறைக்கு பைண்டிங் வேலைக்கு வந்த இருபத்திரண்டு வருடமாக இதே வழக்கம். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவளுக்குப் பிள்ளைகளின் விரல்கள்தான் பாடம் நடத்தின. மிகப் பழைய சிறுவர் நூல்களில் பெரியவர் முன் எப்படி நிற்பது, நகத்தை எப்போது வெட்டுவது என்பதே பேச்சு. அவற்றில் படம் இருந்த ஓரிரு பக்கம் மட்டும் கறுத்திருக்கும். பிறகு கதை வந்தது, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அறிவுரையும் வந்தது. கதைத்தாள் நைந்து தொங்கும். அறிவுரைத்தாள் சலவைக்குப் போய்வந்ததுபோல் இருக்கும். அறிவுரையே சொல்லாத புதுப் புத்தகங்களோ ஒரே வருடத்தில் அக்கக்காகக் கழன்றுவிடும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பழைய மிருகக் கதைப் புத்தகம் ஒன்று வந்தது. ஒன்பது கதை, ஒன்பது அறிவுரைத்தாள். பழந்தாளின் கிழிசலில் புதுத்தாளை ஒட்டினால் சுருங்கி இழுக்கும்; அதே வயதுத் தாள்தான் ஒத்துப்போகும். அறிவுரைத்தாள் ஒன்பதையும் வெட்டிக் கீற்றாக்கி, எழுத்து உள்ளே போகும்படி கதைகளின் கிழிசலில் ஒட்டிவிட்டாள். பிறகு அதை மறந்தும்போனாள்.

போன வருடம் ஒருநாள் நூலகர் பின்னறைக்கு வந்தார்.

"சிறுவர் புத்தகம் நூறு வருஷத்துல எப்படி மாறிச்சுன்னு ஒரு அம்மா எழுதறாங்களாம். அந்த மிருகக் கதை நம்மகிட்ட மட்டும்தான் இருக்காம். வியாழக்கிழமை வராங்க. எடுத்து வைம்மா."

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பசை அடிபிடித்தது. ஊசி இரண்டு முறை விரலில் ஏறியது. வேலை நிரந்தரமும் இல்லை. ஒரு வார்த்தையில் அனுப்பிவிடலாம்.

"தெரியாத மாதிரி இருந்துடு," என்றார் வீட்டுக்காரர். "புத்தகமா எந்திரிச்சு வந்து சாட்சி சொல்லப்போகுது?"

"அதுதான் எனக்குப் பயமா இருக்கு," என்றாள்.

வியாழக்கிழமை வந்த அம்மாளுக்குப் புத்தகத்தைப் புரட்டப் புரட்ட முகம் மலர்ந்தது.

"சார், இதுல அறிவுரையே இல்ல! அந்தக் காலத்துல அது இல்லாம யாரும் அச்சடிக்கவே மாட்டாங்க. இல்லாம எழுதினதுல இவர்தான் முதல் ஆளு. என் புத்தகத்தையே இதுலேர்ந்து ஆரம்பிச்சுடுவேன்!"

நூலகர் தானே எழுதியதுபோல் நெஞ்சை நிமிர்த்தினார். கதவோரம் நின்றவள் மேசையருகே வந்தாள். அந்த அம்மாள் பேனா மூடியைத் திறந்து இரண்டு வரி எழுதினாள்.

"எழுதாதீங்கம்மா. இருந்துச்சு. நான்தான் வெட்டினேன்."

ஒரு தாளைத் தூக்கி சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கீற்றின் உள்ளே 'ஆகையால் குழந்தைகளே' என்ற எழுத்து மங்கலாகத் தெரிந்தது.

"ஏம்மா, கை வைக்க வேற புத்தகமா கிடைக்கல?" நூலகரின் குரல் உடைந்தது. "இத்தன வருஷமா வாயத் திறக்கலையே!"

"அந்தத் தாளை மட்டும் யாருமே தொட்டிருக்கல சார்."

அந்த அம்மாள் அவளையே பார்த்தாள். எழுதிய வரிகளை அடித்துவிட்டுப் பேனாவை மூடினாள்.

இப்போது அந்தப் புத்தகம் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது, 'ஒன்பது தாள்கள் இல்லை' என்ற அட்டையோடு. பிள்ளைகள் அதைத் தொட முடியாது. அவள் வேலையில் நீடிக்கிறாள். பழைய புத்தகம் எதுவும் அவளிடம் வருவதில்லை. புதிதைக் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் நூலகர் பக்கங்களை எண்ணிக்கொள்கிறார்.