பதில் வராத பெரட்டு

ஒரு பாட்டு உங்களுக்குப் பிடிக்கவில்லை என்கிறீர்களே, அதை முழுதாகக் கேட்டீர்களா? முழுதாகத்தான் கேட்டேன் என்று எதை வைத்து அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?

லோகேஸ்வரியிடம் இதைக் கேட்டிருந்தால் சண்டைக்கு வந்திருப்பார். அந்த ஆல்பத்தை அவர் வேலைக்குப் போகும் பஸ்ஸில் வாரக்கணக்காகக் கேட்டவர். கேட்டுக் கேட்டே வெறுத்தவர்.

மலேசியாவின் லூனாசில் வீடு, பக்கத்துக் கூலிம் தொழிற்பேட்டையில் வேலை, வயது நாற்பத்தெட்டு. பிறந்து வளர்ந்தது ரப்பர்த் தோட்டத்தில். தோட்டம் கைமாறியதும், தலைமுறை தலைமுறையாக மரம் சீவிய குடும்பங்களை ஒரு துண்டு மனைகூடக் கொடுக்காமல் வெளியே அனுப்பியதைக் கண்ணால் பார்த்தவர். அதனாலோ என்னவோ, யார் எதைச் சொன்னாலும் "யாரு பாத்தா?" என்று கேட்காமல் விடமாட்டார். கோயிலில் சாமியாடி குறி சொன்னாலும் சரி, பெக்டரியில் மேலாளர் புது விதி சொன்னாலும் சரி, அவர் கேள்வி அதுதான்.

அவர் போகும் கம்பெனி பஸ்ஸில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. இடது பக்கம் பாட்டுக் கேட்பவர்களுக்கு, வலது பக்கம் தூங்குகிறவர்களுக்கு. தூங்குகிறவர்களின் ஏச்சுத் தாங்காமல் ஓட்டுநர் தயாளன் வலது பக்க ஸ்பீக்கர்களின் ஒயரையே கழற்றிவிட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ சினிமாப் பாட்டும் பக்திப் பாட்டும் இடது பக்கம் மட்டும் ஒலித்தன. ஏதோ குறைகிறது என்று ஒருவரும் சொன்னதில்லை.

பாட்டைத் தேர்ந்தெடுப்பது ஆளுக்கு ஒரு நாள். ஷாமளாவின் முறை வந்தபோது அவள் 'பெரட்டு' போடச் சொன்னாள். ஷாமளா லோகேஸ்வரியின் பிரிவிலேயே வேலை செய்யும் சின்னப் பெண். காதில் எந்நேரமும் இயர்போன். பெரட்டு என்பது, தோட்டங்களில் விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது. அந்தப் பெயரில் கூலிம் இளைஞர்கள் ஐந்து பேர் வெளியிட்ட தமிழ் ராக் ஆல்பம் அது. தகரத்தைத் தார் ரோட்டில் இழுத்துக்கொண்டு ஓடுவதுபோல ஒரு கிட்டார். மூன்றாவது பாட்டில் ஒரு கங்காணி பேர் பேராகக் கூப்பிட்டுத் திட்டுகிறான். நிறுத்துகிறான். டிரம்ஸ் மட்டும் மெல்லத் தட்டிக்கொண்டிருக்கிறது. மறுபடி திட்டுகிறான்.

அந்த நிறுத்தம்தான் லோகேஸ்வரியைச் சுட்டது. ஒருவரும் பதில் சொல்லவில்லை. அவருடைய அம்மா குணவதி பெரட்டுக் களத்தில் கங்காணியின் முகத்துக்கு நேராகப் பதில் சொன்னவர். அதற்குத் தண்டனையாக, வழுக்கும் சரிவில் இருந்த கிழட்டு மரங்களைச் சீவக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு மறுநாளும் பதில் சொன்னார். அப்படிப்பட்டவர்களை இந்தப் பிள்ளைகள் ஊமைகளாக்கிவிட்டார்களே என்று லோகேஸ்வரி பஸ்ஸிலேயே எழுந்து நின்று கத்தினார்.

ஷாமளாவும் விடவில்லை. "அக்கா, நம்ம அம்மாங்க ஜெயிக்கிற பாட்டுக்கா அது."

பஸ் இரண்டாகப் பிரிந்தது. வயதானவர்களுக்குப் புது இசை புரியாது என்றார்கள் இளையவர்கள். தோட்டத்து வலி தெரியாத பிள்ளைகள் என்றார்கள் மூத்தவர்கள். தலைமுறை, பண்பாடு, மேல்நாட்டு மோகம் என்று விளக்கத்துக்குப் பஞ்சமில்லை. லோகேஸ்வரிக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. ஷாமளா பொய் சொல்கிற பெண் இல்லை, செவிடும் இல்லை. ஒரே பாட்டில் ஒருத்திக்கு வெற்றி கேட்கிறது, இன்னொருத்திக்கு மௌனம் கேட்கிறது. அது எப்படி?

இதற்குள் ஒரு செய்தி வந்தது. அந்தக் குழு அடுத்த மாதம் லூனாஸ் பொது மண்டபத்தில் பாடப்போகிறது. அதே பஸ்ஸில் வரும் மூத்த டெக்னீஷியன் முருகையா, நிகழ்ச்சியைத் தடை செய்யச் சொல்லி மண்டபத்தாருக்கு ஒரு கடிதம் தயார் செய்தார். தோட்டத்துப் பெண்களை வாயற்றவர்களாகக் காட்டும் பாட்டு என்பதுதான் குற்றச்சாட்டு. முதல் கையெழுத்து குணவதியின் மகள் போட்டால் மற்றவர்கள் வரிசையாகப் போடுவார்கள் என்பது அவர் கணக்கு. லோகேஸ்வரி பேனாவை வாங்கினார், யோசித்தார், திருப்பிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் சுங்கை பட்டாணியில் அதே குழு பாடுகிறது. நேரில் கேட்டுவிட்டு வந்து போடுகிறேன் என்றார்.

"திட்டுன பாட்டுக்கே டிக்கெட் வாங்கிட்டுப் போறியாம்மா?" என்று முருகையா சிரித்தார்.

"கேக்காம கையெழுத்துப் போட்டா, யாரு பாத்தான்னு நாளைக்கு நானே என்னைக் கேப்பேண்ணே."

ஷாமளாவோடு போனார். முதல் பாட்டுக்குக் காதைப் பொத்திக்கொண்டார். இரண்டாவதில், கிட்டாரின் அதிர்வு நாற்காலி வழியாக முதுகில் ஏறுவதை ஒரு மாதிரி வேடிக்கையாகக் கவனித்தார். மூன்றாவது பாட்டில் மேடையின் இடது ஓரம் கங்காணி வந்து நின்றான். பேர் சொல்லி அதட்டினான். "எங்க போனா அவ?" பிறகு, அவருக்கு மனப்பாடமான அந்த நிறுத்தம்.

வலது ஓரத்திலிருந்து நான்கு பெண்கள் பாடினார்கள்: "பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போனா. மரத்துப் பாலு வேணும்னா, நீயே சீவிக்க."

அவன் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொரு பேருக்கும் ஒரு பதில். கிட்டார் பெண்கள் பக்கம் சேர்ந்துகொண்டு அவன் குரலை மூடியது. லோகேஸ்வரி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். கிட்டார் அப்படிக் கரகரக்காமல் இனிமையாக இருந்திருந்தால் இந்தப் பதில் எடுபட்டிருக்காது என்று அவருக்குத் தோன்றியது. வாரக்கணக்காக அவர் திட்டியது அந்தக் கரகரப்பைத்தான்.

ஜனங்கள் கோபித்துக்கொண்டதால் பாட்டை மாற்றிவிட்டார்களா என்று வெளியே வந்ததும் கேட்டார். ஷாமளா விழித்தாள். எப்போதும் இருக்கிறதே என்று இயர்போனைக் கொடுத்தாள். லோகேஸ்வரி இடது காதில் மட்டும் வைத்துக் கேட்டார்: கங்காணி. வலது காதுக்கு மற்றதை மாற்றினார்: பெண்கள். இடது, வலது என்று பலமுறை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். பிறகு கார் நிறுத்துமிடத்தில் நின்றபடியே வாய்விட்டுச் சிரித்தார்.

"எங்கம்மா பேசிக்கிட்டுத்தான்டி இருந்திருக்காங்க. நம்ம பஸ்ஸுல தூங்குற பக்கத்துல."

மறுநாள் தயாளனைச் சும்மா விடவில்லை. ஒயரை மாட்டச் சொல்லி மூன்றாவது பாட்டைப் போடவைத்தார். வலது பக்கத்தில் தூங்கியவர்கள் பதறி எழுந்து தயாளனையும் அவர் வம்சத்தையும் ஏசினார்கள். இடது பக்கத்துப் பெண்களில் சிலர் அப்படியே திரும்பி உட்கார்ந்து கேட்டார்கள். முருகையா கண்ணை மூடிக் கடைசி வரை கேட்டார்.

"சத்தம் சத்தந்தாம்மா. எனக்கு இப்பவும் பிடிக்கல."

"பிடிக்கலன்னு எழுதுங்கண்ணே. எனக்குக்கூட அந்த அஞ்சாவது பாட்டு சகிக்கல. ஆனா பொம்பளைங்க பதில் சொல்லலன்னு எழுதாதீங்க. அது பொய்."

அவருக்காக முதல் வரியை மட்டும் விட்டுவைத்து மற்றவர்கள் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, இனி எப்படி மாற்றுவது என்றார் முருகையா. இடது பக்கத்துப் பெண்கள் சிலர் அங்கேயே தங்கள் பெயரை அடித்துவிட்டார்கள். மீதிப் பெயர்களோடு கடிதம் போய்ச் சேர்ந்தது. லோகேஸ்வரி தனியாக ஒரு கடிதம் எழுதி அனுப்பியிருக்கிறார். குணவதியின் மகள் என்றே கையெழுத்திட்டிருக்கிறார்.

மண்டபத்தார் இன்னும் முடிவு சொல்லவில்லை. தோட்டத்தில் கங்காணியின் குரலை மட்டும் பதிவு செய்து வைத்த காலம் ஒன்று இருந்தது. அதை நாமே நம் கையால் நீட்டிக்க வேண்டியதில்லை. கேட்டுவிட்டு வெறுக்க எல்லாருக்கும் உரிமை உண்டு. கேட்கவிடாமல் தடுக்க ஒருவருக்கும் இல்லை. லூனாஸ்காரர்களே, கூலிம்காரர்களே, இந்த வாரத்துக்குள் மண்டபத்தாருக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள்: கதவைத் திறந்துவிடுங்கள், கேட்டுவிட்டு நாங்களே சொல்லிக்கொள்கிறோம் என்று.