மர்மக் காய்ச்சலும் ஒரு ஸ்கெட்ச் பேனாவும்

இன்று காலை எங்கள் தெருச் சாக்கடையோரம் பிளீச்சிங் பவுடர் தூவி, சுவருக்கு அவசரமாக வெள்ளையடித்துவிட்டுப் போனார்கள். தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடையில் வளர்ந்த எங்கள் மூக்குக்கு வேறெந்த நாற்றமும் லேசில் ஏறாது. பிளீச்சிங் பவுடர் மட்டும் ஏறிவிடும். ஏறியதும் ஷமீம் அக்கா ஞாபகம் வரும், பின்னாலேயே டீக்கடைக் கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கிய பேப்பர் போஸ்டர்.

அப்போது நான் ஆம்பூர்ப் பக்கம் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். காலேஜ் முடித்த சூடு. சம்பளம் பெயருக்குத்தான், ஆனால் அடையாள அட்டை இருந்தது. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே தூங்கியிருக்கிறேன். கைப்பையில் எப்போதும் தடிமனாக ஒரு ஸ்கெட்ச் பேனா. எதற்கென்று கேட்காதீர்கள், நிருபர் என்றால் பேனா வேண்டுமே.

எங்கள் பின் தெருவில் வீட்டுக்கு வீடு காய்ச்சல், சாக்கடையோரமெல்லாம் பிளீச்சிங் பவுடர். ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்யும் ஷமீம் அக்காவின் மகள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ரத்தப் பரிசோதனைச் சீட்டை அக்கா என்னிடம் காட்டினார். டைஃபாய்டு. குடிதண்ணீர்க் குழாய் சாக்கடைக்குள் முங்கிப் போவதைத் தெருவே கூட்டிப்போய்க் காட்டியது. டாக்டரிடமும் கேட்டுக்கொண்டு, தெரு, குழாய் எல்லாம் போட்டு எழுதி அனுப்பினேன். மறுநாள் பேப்பரிலும் டீக்கடைப் போஸ்டரிலும் வந்தது: 'மர்மக் காய்ச்சல்: பொதுமக்கள் பீதி'. தெருவும் இல்லை, குழாயும் இல்லை.

விடிந்ததும் விடியாததுமாக வேலூர் ஆபீஸில் செய்தி திருத்தும் டெஸ்க் சாருக்குப் போன் போட்டேன். தூக்கக் கலக்கத்திலும் பொறுமையாகத்தான் பேசினார்.

"அதிகாரி யாராவது டைஃபாய்டுன்னு ஒத்துக்கிட்டாங்களா? ஒத்துக்கிற வரைக்கும் அது மர்மம்தாம்மா."

"டெஸ்ட் சீட்டு இருக்கு சார்."

"சீட்டு பேட்டி குடுக்குமா?"

குழாய் என்று அச்சடித்தால் குழாய்க்குப் பொறுப்பானவர்கள் பதில் சொல்ல வேண்டும். மர்மம் என்று அச்சடித்தால் காய்ச்சல் வந்தவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அதை அடுத்த அரைமணியிலேயே டீக்கடையில் நின்று பார்த்தேன். கம்பெனி பஸ் டீக்கடை எதிரில்தான் நிற்கும். போஸ்டரைப் படித்துவிட்டு ஏறியிருந்த பெண்கள், ஷமீம் அக்கா படியில் கால் வைத்ததும் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

"நீ பின் தெருதானே?" என்றார் டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர். "இன்னா நோய்னே தெரியலன்னு போட்டிருக்கான். எல்லாருக்கும் ஒட்டிக்கினா? காய்ச்சல்லாம் அடங்கட்டும், அப்புறம் வா."

அக்கா இறங்கி நேராக என்னிடம் வந்தார். "இன்னாம்மா ரிப்போர்ட்டரு, கையில சீட்டைக் குடுத்தும் மர்மம்ங்கிற. வேலை போச்சின்னா புள்ளைக்கு மருந்து யாரு வாங்குவா, உன் பேப்பரா?"

பேனாவை எடுத்தேன். போஸ்டரில் 'மர்ம' என்பதை அடித்து, மேலே 'டைஃபாய்டு' என்று எழுதினேன். பீதிக்கு அடியில் கொஞ்சம் இடம் இருந்தது: 'பின் தெருக் குழாயில் சாக்கடை கலக்குது. கொதிக்க வெச்சுக் குடிங்க. பக்கத்துல உக்காந்தா ஒட்டாது.' எழுத்து பாதியிலேயே வலப்பக்கம் சரிந்துவிட்டது.

"ஏம்மா, அது உன் பேப்பராச்சே," என்றார் டீக்கடை பாய்.

"அதான் பாய், நானே திருத்துறேன்."

டிரைவர் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே சத்தமாகப் படித்தார். "அப்போ ஒரே சீட்ல உக்காந்தாலும்?"

"ஒட்டாதுண்ணா. தண்ணிதான் பேஜாரு."

"இத மொதல்லயே போட்டா இன்னாவாம்? ஏறும்மா, டைம் ஆவுது."

அக்கா ஏறினார். ஜன்னலோரப் பெண் துப்பட்டாவை இறக்கிவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தது எனக்கு வெளியிலிருந்தே தெரிந்தது.

அந்த வாரமே பின் தெரு காலிக் குடங்களோடு மெயின் ரோட்டில் உட்கார்ந்தது. குழாயைத் தோண்டி மாற்றினார்கள். 'அதிகாரிகள் துரித நடவடிக்கை' என்று எங்கள் பேப்பரில் செய்தி வந்தது. அதை எழுதியது நானில்லை. அதற்குள் அடையாள அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். ஷமீம் அக்காவின் மகள் தேறி வீட்டுக்கு வந்தாள்.

இப்போது எங்கள் ஊருக்குப் போஸ்டர் வருவதில்லை. அந்தக் கம்பியில் பாய் சிப்ஸ் பாக்கெட் மாட்டியிருக்கிறார். ஊரே சேர்ந்து நின்று படித்த தாள் போய், ஆளுக்கொரு போனில் ஆளுக்கொரு பீதி. இன்று என் போனிலும் வந்திருக்கிறது, எங்கள் தெருவைத்தான் 'ஒரு பகுதி' என்கிறார்கள்: அதே மர்மக் காய்ச்சல். இந்தத் தடவையும் டெஸ்ட் சீட்டில் பெயர் இருக்கிறது. போனில் அடித்துத் திருத்தவும் முடியாது, அடியில் எழுத இடமும் கிடையாது.

வெள்ளையடித்த சுவரில் நிறைய இடம் இருக்கிறது. காயட்டும் என்று காத்திருக்கிறேன்.