ஓடத் தொடங்கிய பேருந்து

சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் பதினாறு வருடமாகத் தொகுதிச் செய்தி மடல் எழுதுகிறவர் அவர். மடல் ஒன்றாம் தேதி வீடு வீடாகப் போகும். அச்சுக்கோ பத்து நாள் முன்பே கொடுத்தாக வேண்டும். அதனால் நடக்கப் போவதையெல்லாம் நடந்து முடிந்ததாகவே எழுதிப் பழகிவிட்டார். திறக்காத நூலகத்தைத் திறந்து, வராத கூட்டத்தை அலைமோத விடுவார். அலுவலகத்தில் அவருக்குத் தீர்க்கதரிசி என்றே பெயர். பலிக்காவிட்டாலும் யார் வந்து சட்டையைப் பிடிக்கப் போகிறார்கள்?

போன மாதம், 'மருத்துவமனைக்குப் புதிய பேருந்து ஓடத் தொடங்கியது' என்று எழுதினார். பேருந்து வரவில்லை. டிரைவர் போடவில்லையாம்.

மடல் வந்த மறுநாள், அவருடைய அக்கா அதை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பேருந்து நிறுத்தத்தில் மொட்டை வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறார். மாதத்தில் ஒரே நாள் வரும் கண் டாக்டர் அதற்குள் கிளம்பிவிட்டார்.

சேதி தெரிந்து தம்பி ஓடினார். "ஏதாவது வண்டி பிடிச்சிருக்கக் கூடாதாக்கா?"

"பக்கத்துல நின்னவங்களும் அதத்தான் சொன்னாங்க. என் தம்பி எழுதினது, வராம இருக்காதுன்னு நான்தான் அவங்களையும் பிடிச்சு நிறுத்தி வெச்சேன்."

நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை. தலையைக் குனிந்துகொண்டு, "அடுத்த மாசம் நானே கூட்டிட்டுப் போறேன்க்கா" என்றார்.

அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை.

"போயிட்டு வந்தப்புறம் சொல்லுடா."