ஷூ கம்பெனியில் நான்கு செல்விகள்

செல்வி என்றால் செல்வம் உடையவள் என்று பள்ளிக்கூடத்தில் தமிழம்மா சொன்னார். அந்தச் செல்வம் இன்றுவரை எங்கள் தெருப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பெயர் மட்டும் ஊரெல்லாம் இறைந்து கிடக்கிறது. நான் பிறந்த காலத்தில் ஆம்பூர்ப் பக்கம் தமிழ்ச்செல்வி, கலைச்செல்வி, அருள்செல்வி என்று எதை வைத்தாலும் கூப்பிடுவது செல்விதான். கோயிலுக்குப் போகிறவர்களும் வைத்தார்கள், சர்ச்சுக்குப் போகிறவர்களும் வைத்தார்கள். என் கல்யாணப் பத்திரிகையில் ‘செல்வி செல்வி’ என்று அச்சடித்ததைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் சிரியோ சிரி என்று சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் வேலை செய்யும் ஷூ கம்பெனியில் நாங்கள் நான்கு பேர். பசை செல்வி, பேக்கிங் செல்வி, கண்ணாடி செல்வி. தைக்கிற நான் மிஷின் செல்வி.

போன மழைக்காலத்தில் ஒரு மதியம் சூப்பர்வைசர் ஓடி வந்தார். செல்போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவோம் என்பதால், யாரோ கேட்டுக்குப் போன் செய்திருக்கிறார்கள்.

“செல்வி பையன் வண்டில அடிபட்டுட்டானாம். எந்தச் செல்வின்னு கேக்கறதுக்குள்ள கட்டாயிடுச்சு. திருப்பிப் போட்டா போக மாட்டேங்குது.”

நாலு பேரும் எழுந்துவிட்டோம். நாலு பேருக்கும் பையன் உண்டு. என்னுடையவன் காலையில் என்னோடு சண்டை போட்டுக்கொண்டு, சாப்பிடாமல், தோஸ்த் ஒருத்தனுடைய பைக்கில் ஏறிப் போயிருந்தான்.

லாக்கர் சாவி வைத்திருக்கிற ஆள் சாப்பிடப் போயிருந்தார். கேட்டருகே போய் நின்றோம். கடவுளே, எந்தச் செல்வியாக இருந்தாலும் சரி, இந்தச் செல்வி மட்டும் வேண்டாம் என்று வேண்டினேன். மற்ற மூன்று பேர் முகத்தையும் பார்த்தேன், யார் தலையில் கட்டலாம் என்று பார்ப்பதுபோல.

மறுபடியும் போன் அடித்தது. வாட்ச்மேன் எடுத்துக் கேட்டுவிட்டு, “பேக்கிங்ல இருக்கிற அம்மா” என்றார்.

“அப்பாடா!” என்று என் வாய் சத்தமாகவே சொல்லிவிட்டது. வெளியே ஓடத் தொடங்கியவள் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

பையனுக்குக் கால் எலும்பு முறிவு. மாவுக்கட்டோடு பிழைத்தான். எனக்குத்தான் அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாத்துக்குடி வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். நான் உட்காரக்கூட இல்லை.

“அன்னிக்கு நான்...” என்று ஆரம்பித்தேன்.

“விடுடி. நான் மட்டும் இன்னா வேண்டிக்கினேன்னு நெனைக்கிற? மிஷின் செல்வியா இருக்கட்டும்னுதான்.”

சொல்லிவிட்டு அவள் பழத்தை உரித்து எனக்கும் பாதி கொடுத்தாள். தின்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் உட்கார முடியவில்லை. நின்றபடியே என் பையனுக்குப் போன் போட்டேன். அவன் எடுக்கிறவரை விடவில்லை.