லெச்சுமி இருந்த இரண்டு அடி

இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். நான் திட்டப்போகிற ஆள் என் தம்பியின் மருமகன். வாய் திறந்தால் அந்த வீட்டில் வாழ்கிற எங்கள் பிள்ளைக்குத்தான் இடி என்று பேசாமல் இருந்தேன். போன வாரம் கொட்டகலையில் ஆட்டோவில் ஏறினேன். டிரைவர் பாட்டுப் போட்டார். பாட்டுக்கு முன்னால் மருமகன் பேசுகிறான்: "இது மாரியம்மா என் கனவுல வந்து குடுத்த பாட்டு." என்னிடம் திருடியதைப் பொறுத்தேன். அம்மா பேரில் பொய் சொன்னால் பொறுக்கமாட்டேன்.

ஆட்டோவின் பின்பக்கம் யாரோ ஏற்றிப்போன பச்சைத் தேயிலைக் கொழுந்தின் வாசம் இருந்தது. அந்த வாசத்துக்கு இன்றைக்கும் என் கை தானாக அசையும். அந்தப் பாட்டே நாங்கள் கொழுந்து பறித்த கையால் கட்டியதுதான். பறித்துப் பறித்துக் கை நிறைந்ததும் முதுகுக் கூடைக்குள் வீசுவோம். பாட்டின் அடியும் அங்கே முடிய வேண்டும். நீண்டால் வேலை இழுக்கும். ஒருத்தி சொன்ன அடி, செடி வரிசையில் நிற்கிற ஆட்கள் வழியாக நிரை நிரையாகப் போய்த் திரும்பி வரும். நல்ல சொல்லாக மாறி வந்தால் அதையே வைத்துக்கொள்வோம். கொழுந்து நிறுக்கும்வரை மறக்காத அடிதான் பாட்டு. மற்றதெல்லாம் மலையோடு போகட்டும். நான் அடி கட்டுவதோடு சரி. நான் பாடினால் அட்டைகூடக் காலை விட்டு இறங்கிவிடும் என்பாள் பக்கத்து நிரைப் பாக்கியம்.

எங்களோடு கொழுந்து பறித்த லெச்சுமி குளவி கொட்டிச் செத்த மலைக்குத் திரும்பப் போன அன்று கங்காணிகூட அதட்டவில்லை. பாக்கியம்தான் முதல் அடியை எடுத்தாள். அடுத்தது எனக்கு வந்தது.

"கூப்பிட்ட லெச்சுமி கொரல் கேக்கலியா மாரியம்மா,
ஆளில்லாக் கூடை வந்தா யாருபேரில் நிறுப்போம்மா?"

அதோடு வளர்ந்த பாட்டு முழுவதையும் திருவிழாக் கும்மியில் பாடினோம். பூசாரி ஐயாவே கண்ணைத் துடைத்துக்கொண்டார். மருமகன் அதைப் போனில் பிடித்துப்போய், கீபோர்ட் சேர்த்து, அந்த இரண்டு அடியை வெட்டிவிட்டு, ஸ்பீக்கர் வாங்கிக் கொடுத்த கடை முதலாளியை வாழ்த்தி இரண்டு அடி வைத்துவிட்டான்.

ஆட்டோவை நேரே அவன் வீட்டுக்கு விடச் சொன்னேன்.

"வாங்க பெரியம்மா, டீ குடிக்கிறீங்களா?"

"அம்மா கனவுல வந்தாளே மாப்பிள, கீபோட்டையும் தூக்கிக்கிட்டா வந்தா?"

அவன் சிரித்தான். "சாமி பாட்டுல சாவெல்லாம் வேணாம் பெரியம்மா. கேக்குறவங்களுக்குப் பக்தி வரணும்ல."

"எங்களுக்கு அழுதாத்தான் பக்தி வரும். முதலாளி பேரச் சொன்னா ஒங்களுக்கு வருதாக்கும்."

தம்பி மகள் அடுப்படியில் தலைகுனிந்து நின்றாள். நான் டீயைத் தொடாமல் வந்துவிட்டேன். இனி அந்த வீட்டில் கை நனைக்கமாட்டேன். அம்மா மேல் ஆணை.

இப்போது மலையை ஆளுக்கு ஒரு துண்டாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். பக்கத்து நிரை என்று ஒன்று இல்லை. அடியை யாரிடம் தள்ளிவிடுவது? பாக்கியம் மகளோடு கொழும்புக்குப் போய்விட்டாள். இந்த வருடத் திருவிழாவில் சின்னப் பிள்ளைகள் அவன் பாட்டைத்தான் கும்மியடித்தார்கள். லெச்சுமியின் மகளும் வட்டத்தில் நின்று முதலாளி பேருக்குக் கைதட்டினாள். பாட்டின் அந்த இடத்தில் அவள் அம்மா இருந்தாள் என்று அவளுக்குத் தெரியாது.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது மெருகேற்றாதீர்கள், என் கோபத்தையும் குறைக்காதீர்கள். என் பேர் வேண்டாம். அந்த இரண்டு அடியை மட்டும் உள்ளபடி சொல்லுங்கள், லெச்சுமி மகள் காதில் விழும்வரை.